மூணு அழுத்தினா நான்

சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி ஓடத் தொடங்கியது. பட்டறை மேசை மேல் இருந்த சிவப்பு விளக்கு எரியவில்லை.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். எரிந்திருக்க வேண்டும். அது தானாக எரிவதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் காலையிலிருந்து மேசையை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே மழைக்கு முந்தைய இருட்டு கட்டியிருந்தது. மதியம் மூன்று மணிக்கே மேசை விளக்கைப் போட வேண்டியதாயிற்று.

எலக்ட்ரானிக் தராசுகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். வீட்டின் பின்னறைதான் பட்டறை. அங்கிருந்து நடை வழியாகப் பதினோரு எட்டு வைத்தால் மனைவியின் அறை. அந்த அறையில் இப்போது கட்டில் மட்டும் இருந்தது. அவள் இல்லாமல் ஐந்து மாதம் ஆகிவிட்டது.

போன வருஷம் அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. குரல் போய், வெறும் காற்றாக ஒரு கிசுகிசுப்பு மட்டும் மிஞ்சியது. கூப்பிட்டால் பட்டறைக்குக் கேட்காது. அப்போதுதான் அழைப்பு மணி செய்யும் உதிரிப் பாகங்கள் அடங்கிய ஒரு பையை வாங்கினார். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பை. உள்ளே ஒரு சிப், ஒரு கிரிஸ்டல், இரண்டு கெப்பாசிட்டர், ஒரு விளக்கு, ஒரு பொத்தான். போர்டு கிடையாது, எதை எங்கே மாட்டுவது என்று சொல்லும் தாள் கூடக் கிடையாது. பையின் மேல் ஒரே ஒரு வரி: அனுபவமுள்ளவர்களுக்கு மட்டும்.

"பார்த்தியா, நமக்குன்னே போட்டிருக்கான்" என்று அவளிடம் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டார்.

பொத்தானை அவள் கட்டிலில் வைத்தார். சுவரோரமாக ஒயரை இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அவள் அழுத்தினால் இங்கே விளக்கு எரியும், அவர் தனியாகச் சேர்த்த பஸ்ஸர் கத்தும். எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. பொத்தானை அழுத்தாத நேரத்தில், அதன் ஒயர் வந்து சேரும் சிப்பின் கால் அந்தரத்தில் தொங்காதபடி பிடித்து வைக்க ஒரு ரெசிஸ்டர் வேண்டும். அது இல்லாவிட்டால், ஃப்ரிட்ஜ் ஓடினாலும் ஃபேன் சுற்றினாலும் கை பக்கத்தில் போனாலும், யாரோ பொத்தானை அழுத்திவிட்டதாகச் சிப் நம்பிவிடும். பையில் அது இல்லை. அனுபவமுள்ளவன் தானே போட்டுக்கொள்வான் என்று விட்டிருந்தார்கள். அவருடைய இழுப்பறையில் அது கை நிறையக் கிடந்தது.

"நாளைக்குப் போட்டுடறேன்" என்றார். அந்த நாளை வரவே இல்லை.

மணி கண்டபடி அடித்தது. ஓடிப் போனால் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். இல்லை, விழித்துக்கொண்டு சிரிப்பாள்.

"உங்க மிஷின் உங்களை மாதிரியேதாங்க" என்று காற்றுக் குரலில் கேலி செய்தாள். "கூப்பிடாதப்ப ஓடி வருது." பிறகு அவர் கையைப் பிடித்து, கட்டைவிரலால் மூன்று தடவை அழுத்திக் காட்டினாள். "அது பாட்டுக்குக் கன்னாபின்னான்னு அடிக்கட்டும். மூணு அழுத்தினா நான். சரியா?"

சரி என்றார். ஒரு வாரத்தில் சத்தம் பொறுக்காமல் பஸ்ஸரை வெட்டி எறிந்தார். விளக்கு மட்டும் மிஞ்சியது.

அந்த நாளும் இதே போல ஒரு மதியம்தான். கடைக்காரர் ஒருவர் சாயங்காலம் தராசு வேண்டும் என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். காலையிலேயே அவள், "நகம் வளர்ந்து போச்சு, வெட்டி விடறீங்களா?" என்று கேட்டிருந்தாள். இந்த வேலை முடியட்டும் என்று சொல்லியிருந்தார். விளக்கு எரிந்தது. ஃப்ரிட்ஜாக இருக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டார். நாற்பது நிமிஷம் கழித்துப் போனபோது அவள் கண் திறந்திருந்தது. கட்டைவிரல் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. அதைப் பிரித்து எடுக்கத்தான் முதலில் பாடுபட்டார்.

மகளிடம், தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொன்னார்.

அதனால்தான் அதே பையை மறுபடி வாங்கினார். அதே பொத்தான், அதே ஒயர். ரெசிஸ்டரை இந்தத் தடவை வேண்டுமென்றே விட்டார். பொத்தானைக் காலிக் கட்டிலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். யாரும் அழுத்தாமல் விளக்கு எரியட்டும். ஒரு தடவை போதும். அன்றைக்கும் அப்படித்தான் எரிந்திருக்கும் என்று மனசு நம்பிவிடும். ஐந்து மாதமாக வராத தூக்கம் வரும்.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, நாளைக்குக் காலையில வண்டியோட வந்துடறேன். அம்மா கட்டிலை எடுத்துடலாம்."

"ம்."

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"உங்ககிட்ட பேசறதுக்குச் செவுத்துக்கிட்ட பேசலாம்" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "அம்மா சொல்றதுதான் இது. எனக்கும் வாயில வந்துடுச்சு, பாருங்க."

போனை வைத்த பிறகு வீடு இன்னும் அமைதியாகிவிட்டது. அவர் ஃபேனைப் போட்டு அணைத்தார். மிக்ஸியை ஒரு சுற்று ஓடவிட்டார். சிப்பின் மேல் உள்ளங்கையைக் கொண்டுபோய் ஆட்டினார். சீப்பைத் தலையில் தேய்த்து ஒயருக்குப் பக்கத்தில் பிடித்தார், இந்த வயதில் இப்படி ஒரு கூத்து. விளக்கு அசையவில்லை. ஜன்னல் கதவு காற்றில் மெல்ல இடித்துக்கொண்டிருந்தது, நடையிலிருந்து அவள் முதுகுக்குப் பூசும் தைலத்தின் வாசனை, ஐந்து மாதத்துக்கு முன்பே காலியான பாட்டிலின் வாசனை, ஈயப் புகையையும் தாண்டி மூக்கில் ஏறியது, அவர் முப்பது வருஷ அனுபவத்தில் இப்படி ஆடாமல் அசையாமல் தொங்கும் ஒரு காலைப் பார்த்ததே இல்லை.

தொங்கினால்தானே ஆடும். யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தால்?

விளக்கு எரிந்தது.

அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

மூன்று.

இதைத்தானே கேட்டாய், தானாக எரிந்துவிட்டது, எழுந்து போய்ப் படு என்று தனக்கே சொல்லிக்கொண்டார். எழ முடியவில்லை. மறுபடி மூன்று. நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டு.

இழுப்பறையைத் திறந்தார். இழுத்த வேகத்தில் ரெசிஸ்டர்கள் தரையில் சிதறின. ஒன்றைப் பொறுக்கிச் சிப்பின் காலில் வைத்துப் பற்றவைத்தார். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்யத்தான் அவருக்கு ஒரு வருஷமும் ஒரு சாவும் தேவைப்பட்டிருக்கிறது. இனி ஃப்ரிட்ஜும் காற்றும் இந்தச் சிப்பை ஏமாற்ற முடியாது. பொத்தானை அழுத்தினால்தான் எரியும்.

எரிந்தது. மூன்று.

ஒயரைப் பிடுங்கினார். பொத்தானுக்கும் சிப்புக்கும் இடையே இப்போது ஒன்றுமில்லை. ஒயரின் வெற்று முனை அவர் கையில் இருந்தது.

மூன்று.

"தெரியும்மா" என்றார். "தெரியும்."

தெரியும். அன்றைக்கும் மூன்றுதான். எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினார். இன்னும் இரண்டு இடத்தில் ஈயம் வைத்தால் தராசு முடிந்துவிடும் என்று எண்ணிவிட்டுத்தான் தலையைக் குனிந்தார். பிறகு இன்னொரு மூன்று. இன்னொன்று. அதற்குப் பிறகு விளக்கு அணையவே இல்லை. எரிந்துகொண்டே இருந்தது. அதையும் பார்த்தார். ஐந்து மாதமாக யாருக்கும் சொல்லாததை, தனக்கே சொல்லிக்கொள்ளாததை, இப்போது அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து அழுதுகொண்டே ஒத்துக்கொண்டார்.

விளக்கு மறுபடி எரிந்தது. இந்தத் தடவை அணையவில்லை.

எழுந்தார்.

பதினோரு எட்டு. தைல வாசனை. நடையின் குளிர்ந்த தரை. பாதி திறந்த கதவு.

கட்டில் காலியாகத்தான் இருந்தது. நேற்று அவரே இழுத்து விரித்த விரிப்பு. நடுவே ஒரு பள்ளம், தலையணையில் ஒரு பள்ளம். பக்கத்தில் பொத்தான். அதன் மூடி உள்ளே அமுங்கியிருந்தது. மேலே எழவில்லை. யாரும் இல்லை. எழவில்லை.

"வந்துட்டேன்மா" என்றார். "வந்துட்டேன். விடு."

அசையவில்லை.

முட்டி போட்டு உட்கார்ந்தார். அதை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் போதும். கையை நீட்டினார். பொத்தானுக்கு ஒரு விரல் கனம் மேலேயே கை நின்றுவிட்டது. அதற்குக் கீழே போகவில்லை. அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. சில்லென்று. மெல்லிய தோல். மடங்கிய கணு. அதன் நுனியில், அவர் உள்ளங்கையைக் கீறிக்கொண்டு, வெட்டாமல் விட்ட நகம்.