இரண்டு துப்பட்டி, ஒரு குடை

"ஐயையோ, தள்ளி நில்லுங்க! ரேடியோ மேல தண்ணி சொட்டுது!"

மலிகா திடுக்கிட்டாள். இடிக்குப் பயந்து, சிதம்பரம் ஸ்டேஷன் ரோட்டில் கண்ணில் பட்ட முதல் கடைக்குள் ஓடி வந்தது ஒரு குற்றமா? நனைந்த வெள்ளைத் துப்பட்டிக்குள் அவள் கண்கள் இரண்டும் சுட்டன.

"மனுசி நனையறது தெரியல… ரேடியோ நனையறதுதான் தெரியுதா?"

ரேடியோ ரிப்பேர் கடை ஹபிபுல்லா சிரித்தான். பாழாய்ப்போன சிரிப்பு… அவள் ஊரான கடலூர் வரைக்கும் ரயிலில் கூடவே வந்தது!

அந்தப் புரட்டாசியில் தினமும் இதே கூத்துதான். காலையில் மண்டையைப் பிளக்கும் வெயில். மத்தியானம் இலை அசையாத புழுக்கம். டீச்சர் மலிகா பள்ளிக்கூடம் விட்டுக் கிளம்பும்போது மேற்கே கறுத்து, இடியும் மழையும் கொட்டித் தீர்க்கும். அவளும் வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள்.

"ரேடியோ கரகரன்னுச்சு… மின்னல் வருதுன்னு ஒங்களுக்கு ஸ்டூல எடுத்துப் போட்டுட்டேன்."

"மழ வந்தா நானும் வருவேன்னு யார் சொன்னா?"

வியாழக்கிழமை பள்ளியில் நேரமாகிவிட்டது. கொட்டும் மழையில் தெருமுனை திரும்பியவள் அப்படியே நின்றாள். ஹபிபுல்லா வேறொரு துப்பட்டிக்காரிக்குக் குடை பிடித்து, குனிந்து குனிந்து பேசியபடி ஸ்டேஷன் பக்கம் போய்க்கொண்டிருந்தான். தான் நனைவதுகூடத் தெரியாமல்!

மலிகா பல்லைக் கடித்தாள். எனக்கு ஸ்டூல்… அவளுக்குக் குடையா?

மறுநாள் வானமே பொத்துக்கொண்டது. மலிகா வீம்பாக எதிர்க்கடைக் கூரையின் கீழ் போய் நின்றாள். அவன் கூப்பிட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முழங்கால் தண்ணீரில் அவனே குடையோடு இறங்கி வந்தான்.

"இங்க ஒழுகுதுங்க… வாங்க."

"நேத்து குடை பிடிச்சீங்களே, அவுங்களப் போய்க் கூப்பிடுங்க!"

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அதே வெள்ளைத் துப்பட்டியப் பாத்து, அது நீங்கன்னு நெனச்சிட்டேங்க! மத்தியானச் செய்தியில, கடல்ல இருந்த தாழ்வுநிலை கலையுது, ரெண்டு நாள்ல மழ விட்டுடும்னு சொல்லிட்டாங்க. இனிமே நீங்க எதுக்கு வரப்போறீங்க? அந்தப் பயத்துல மனசுல இருந்த எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஸ்டேஷன்ல முக்காட்ட வெலக்குனா… அம்மா வயசு! 'தம்பி, இத சொல்ல வேண்டியவகிட்டப் போய்ச் சொல்லு'ன்னுட்டாங்க."

மலிகா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"அப்படி என்னதான் சொன்னீங்க?"

"மழ நின்னாலும் நீங்க வரணும்… கடைக்கு இல்ல, எங்க வீட்டுக்கு. எனக்கு ஒங்களப் புடிச்சிருக்குங்க."

அவள் அவன் குடைக்குள் வந்தாள்.

"கடலூர் முதுநகர்ல எங்க வீட்டு ரேடியோ ஒரு மாசமா பேசல. ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க…"

"பாத்துட்டு?"

"அந்த அம்மாகிட்ட சொன்னத… என்னப் பெத்த அத்தாகிட்டயும் சொல்லுங்க."