ஆர்லன் சட்டைப்பையில் போன சாவி

டோரீனின் பண்ணைவீட்டு முற்றத்தில் வெண்டல் தன் வேனை நிறுத்தியபோது மதியம் ஒரு மணி. வெயில் பட்ட பனி கண்ணைக் கூசச் செய்தது. இந்தக் குளிரில் ஸ்டார்ட் ஆகாத கார்கள் வாரத்துக்குக் குறைந்தது பத்தைப் பார்க்கிற மெக்கானிக் அவன். பாட்டரியாகத்தான் இருக்கும் என்று விசிலடித்துக்கொண்டே இறங்கினான்.

பாட்டரி பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. ஃப்யூஸ்களும் சரி. நேராகக் கரண்ட் கொடுத்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் ஜம்மென்று சுற்றியது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் மூச்சில்லை. திரையில் ஒரே வரி: சாவி இல்லை.

"கையிலயே வெச்சிருக்கேன், இல்லைங்குதே!" ஓட்டுநர் இருக்கையில் இருந்த டோரீன் பதறினாள். பின்னால் இரண்டு பெட்டிகள். "இன்னிக்கே ரெஜினா டவுனுக்கு, மக வீட்டுக்குப் போயாகணும் தம்பி. இன்னொரு ராத்திரி இந்த வீட்டுல என்னால முடியாது."

"ஏன், என்ன ஆச்சு?"

"என் வீட்டுக்காரர் ஆர்லனைப் புதைச்சு நாலு நாள் ஆச்சு. தினம் யாரோ வாசக்கதவை உள்பக்கமா பூட்டுறாங்க."

வெண்டல் சிரித்து மழுப்பினான். சோதனைக் கருவியைச் செருகியதும் அந்தச் சிரிப்பும் போயிற்று. பதிவான சாவி அருகில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும் கார் அது; அதன் நினைவில் ஒரே ஒரு சாவிதான் பதிவாகியிருந்தது. அது அவள் கையிலிருந்த சாவி அல்ல.

"உங்க சாவியோட பதிவை யாரோ அழிச்சிருக்காங்க. இன்னொண்ணு எங்க?"

"அவருதான் அழிச்சிருப்பாரு, பாவி மனுஷன். நான் எங்கயும் போயிடக் கூடாதுல்ல?" அவள் குரல் இறங்கியது. "தன் சாவியை ஒரு நாளும் கீழ வெச்சதில்லை. அதான் சவப்பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி நானே அவரு சட்டைப்பையில போட்டேன். எங்கிட்ட ஒண்ணு இருக்கேன்னு நினைச்சு... புத்தி கெட்டவ நான்!"

"சரி, காரை விடுங்க. என் வேன்ல ஏறுங்க, நானே கொண்டுபோய்..."

மடங்கியிருந்த பக்கக் கண்ணாடிகள் இரண்டும் மெல்ல விரிந்தன.

பதிவான சாவி காரை நெருங்கினால்தான் அவை விரியும்.

முற்றத்தில் யாரும் இல்லை. பனியில் அவர்கள் இருவரின் காலடித் தடங்கள் மட்டுமே. தரை கல்லாக உறைந்து கிடந்த அந்தக் குளிரில், புதிதாகத் தோண்டிய மண்ணின் வாசனை வந்தது.

திரையிலிருந்த வரி மறைந்தது. டோரீன் பட்டனை அழுத்தினாள். எஞ்சின் ஓடியது.

"போங்க!" வெண்டல் கத்தினான். "ஓடுற எஞ்சின் சாவி இல்லாட்டியும் நிக்காது! சாவி பின்னாடி விட்டுப்போச்சுன்னா கார் பீப் பீப்னு அடிக்கும். அடிச்சா தப்பிச்சீங்க!"

கார் சீறிக்கொண்டு போனது. அவன் உடனே அவளுக்குப் போன் செய்தான்.

"கேட்டைத் தாண்டிட்டேன்," என்றாள்.

"அடிக்குதா?"

"இல்லை."

வெண்டல் வேனில் ஏறி விரட்டினான். கார் வெள்ளை வெளியில் ஒரு புள்ளியாகிவிட்டிருந்தது. ஐயோ, நானேதான் அனுப்பிவைத்தேனே என்று ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தி மிதித்தான்.

"மெயின் ரோட்டுக்கு வந்துட்டேன் தம்பி."

"இப்ப அடிக்குதா? சொல்லுங்க!"

மிக மெதுவாக, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல் அவள் சொன்னாள்.

"அடிக்கலை."

போனில் நான்கு கதவுகளும் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.