துரை எழுதிய கெடு

செங்கல்பட்டு ஜங்ஷனில் மின்ரயில் புறப்படும்போதெல்லாம் கோபாலகிருஷ்ணன் வீட்டு ஜன்னல் மெல்ல அதிரும். அந்த அதிர்வில் கண்ணை மூடிக் கிடப்பது மனிதருக்கு அப்படியொரு சுகம். பழைய பத்திரங்களில் புரட்டு கண்டுபிடிப்பவர் என்று யாரோ சொல்லி, கடப்பாக்கத்திலிருந்து வந்திருந்தாள் செங்கம்மாள். இவரோ தூங்குகிறார்.

"கடலோரத்துல அரை ஏக்கர் சார். எங்க முப்பாட்டனுக்கு வெள்ளக்காரங்க குட்த்தது. ஆதித்யான்னு ஒர்த்தரு, ஐ.டி. கம்பெனில மேனேஜராம், இந்தக் கடுதாசியக் கையில குட்த்து அவுங்க நெலம்ன்றாரு. வெள்ளிக்கெழமை டெட்லைனாம். வூட்டக் காலி பண்ணணுமாம்."

உதவியாளர் ஷாரோன் கடிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். ஆங்கிலக் கையெழுத்து, ஆண்டு 1894. கொடுத்த 'deadline'-க்குள் உழாததால் நிலம் பறிக்கப்பட்டு, ஆதித்யாவின் முன்னோருக்குத் தரப்படுகிறது என்று ஒரு துரை எழுதியிருந்தார்.

"காகிதம் நிஜமாவே பழசு சார்," என்றாள் ஷாரோன், முகம் வாடி.

"பழைய நோட்டுல எழுதாத தாள் கிடைக்காதா என்ன? நாளைக்கு அந்த ஆதித்யாவையும் நிலத்துக்கு வரச் சொல்லு," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

மறுநாள் மதியம் சவுக்குத் தோப்பில் காற்று ஓயாமல் முனகியது. தன் வாசலில் நடப்பதெல்லாம் யாரோ காணும் கனவு போலிருந்தது செங்கம்மாளுக்கு. ஆதித்யா குடிசை வரை வந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், நிலத்தின் எல்லையில், கோபாலகிருஷ்ணன் குச்சியால் மணலில் கோடு கிழித்தார்.

"அமெரிக்க உள்நாட்டுப் போர்ல, ஒரு சிறையில இப்படி ஒரு கோடு இருந்தது. தாண்டின கைதியைச் சுட்டுடுவாங்க. சாவுக்கோடு. டெட்லைன் பிறந்தது அங்கதான். கெடுங்கிற அர்த்தத்தை அதுக்குக் கொடுத்தது அமெரிக்கப் பத்திரிகை ஆபீஸ்காரங்க. அதுவும் இந்தக் கடிதத் தேதிக்கு ஏறக்குறைய இருபது வருஷம் கழிச்சு. 1894-ல செங்கல்பட்டுத் துரைக்கு அந்த அர்த்தம் எப்படித் தெரியும்?"

ஆதித்யா கடிதத்துக்குக் கை நீட்டினார்; ஷாரோன் கொடுக்கவில்லை.

"தினம் பத்து தடவை அதைச் சொல்றவருக்குத்தான் அது ஆதிகாலத்துச் சொல்லாத் தோணும். இந்தம்மாவுக்கு வெள்ளிக்கிழமைன்னு கெடு வெச்சப்பவும் நீங்க அதேதான் சொன்னீங்க."

ஷாரோன் கடிதத்தைப் பையில் வைத்தாள். "இது கோர்ட்டுக்குப் போகுது."

செங்கம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபாலகிருஷ்ணன் காலால் கோட்டை அழிக்கப் போனார்.

"இருக்கட்டும் சார்," என்றாள் அவள். "மொதல்ல அவரு அதுக்கு அந்தாண்ட போவட்டும்."

ஆதித்யா தலைகுனிந்து நடந்து, கோட்டைத் தாண்டினார்.