பெயர் சொல்லாத வேண்டுதல்

ஆஸ்பத்திரியின் பிரார்த்தனை அறையில் சாமி படமே கிடையாது. எல்லா மதத்தாரும் வந்துபோகிற இடம் என்பதால் வெறும் சுவரும் நாலு நாற்காலியும்தான். அவரவர் சாமியை அவரவர்தான் மனத்தில் கொண்டுவர வேண்டும். பினாயில் வாடையும், யாரோ அழுது முடித்துப்போன புழுக்கமும் எப்போதும் அங்கே தங்கியிருக்கும்.

மகளை அங்கே சேர்த்திருந்த பஸ் டிரைவர் ஒருவர் அந்த அறை வாசலோடு நின்றுவிடுவார். மகள் நினைவில்லாமல் கிடக்கத் தொடங்கியதிலிருந்து அவருக்குக் கடவுள் என்றாலே எரிச்சல். மனைவி மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.

"நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்களேன். பேரைச் சொல்லிக் கூப்பிடணும், அவ்வளவுதான். பேர் சொல்லாம கூப்பிட்டா யார் வேணா வருவாங்க."

"வர்றவன் உன் சாமியைவிட நல்லவனாத்தான் இருப்பான்," என்றார் அவர்.

அன்று மத்தியானம் டாக்டர் கையை விரித்துவிட்டார். மனைவி மகளின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு இடிந்துபோய் உட்கார்ந்தாள். டிரைவர் விறுவிறுவென்று அந்த அறைக்குள் போனார். வீம்புக்கென்றே எந்தப் பெயரையும் சொல்லவில்லை.

"யாரா இருந்தாலும் சரி. என் பொண்ணைக் குடுத்துடு. எங்ககிட்ட என்ன வேணுமோ எடுத்துக்கோ."

கடைசி நாற்காலியிலிருந்து "உம்" என்று கேட்டது.

கதை கேட்கிறவர்கள் கொட்டுவார்களே, அப்படி ஓர் அவசரமில்லாத உம்.

நாற்காலியில் யாரும் இல்லை.

பினாயில் வாடை அடியோடு போயிருந்தது. தோண்டிப்போட்ட ஈர மண்ணின் வாடை வந்தது.

அவர் ஓடினார். வார்டில் மகள் கண்ணைத் திறந்திருந்தாள். நர்ஸ் டாக்டரைக் கூப்பிட வெளியே பாய்ந்தாள். டிரைவர் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"உன் சாமி காப்பாத்திட்டாரு," என்றார் மனைவியிடம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தவித்தார்.

அவள் கைகூப்பினாள். வாய் திறந்தாள். சாமி பெயர் வரவில்லை.

"என்னங்க... நான் யாரைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்?"

அவர் அந்தப் பெயரைச் சொன்னார்.

"அது யாரு?"

பிறகு அவள் முகம் தெளிந்தது. மெல்லத் திரும்பி, கட்டிலுக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த ஸ்டூலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"இதோ, இங்கதானே உக்காந்திருக்காங்க."

ஊசி குத்திய மகளின் கைகளும் எழுந்து அந்தப் பக்கம் குவிந்தன.

"கையை இறக்கும்மா! வேண்டாம்!"

மகளின் விரல்களைப் பிரித்துவிடக் குனிந்தார். அவர் கைகள் வரவில்லை.

அவை ஏற்கெனவே குவிந்திருந்தன.