படலில் விழுந்த இடைவெளி

காலையில் கூட்டித் தள்ளிய மணல் மத்தியானத்துக்குள் மறுபடி வந்திருந்தது. அதில் அவளுக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீட்டை வைத்துக்கொண்டு மணலுக்கு அழுதால் முடியுமா? அவள் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டது வேறொன்றைப் பார்த்து. மகளின் கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் மணல் ஒரு சின்ன வால் போல நீண்டு கிடந்தது. முன்னால் தடித்து, போகப் போக மெலிந்து, எல்லா வாலும் ஒரே திசையைப் பார்த்து. காற்று ஒரு தடையில் மோதி, அதன் மறைவில் மணலை இறக்கிவிட்டுப் போகும்போது விழுகிற வடிவம் அது. ஆனால் ஜன்னல் சாத்தியிருந்தது. கடலைப் பார்த்த சுவரில் ஜன்னலே கிடையாது. வால்களின் கணக்குப்படி, காற்று அந்தச் சுவருக்குள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அவள் கடற்கரை ஆய்வு அலுவலகத்தில் நிலவியலாளர். கணவனின் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் ‘மண்ணு டாக்டர்’. அவர் மகளுக்குப் பெரியப்பா. பழகிப் பழகி வீட்டில் எல்லோருக்குமே பெரியப்பா ஆகிவிட்டார். கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். மாடியில் மகளுக்கென்று இந்த அறையைப் புதிதாகப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான், அதைச் சொல்லிக்காட்டாமல் ஒரு வாய் சோறு சாப்பிட மாட்டார்.

துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டிய நாளிலிருந்து இந்தக் கரைக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. இருப்பதை அலை தின்றுகொண்டிருந்தது. மிச்சமிருந்த மணல்மேட்டைக் காப்பாற்ற அவள் கரை நெடுகக் கழிகளை ஊன்றிப் படல் கட்டியிருந்தாள். பறந்து வரும் மணல் படலில் தட்டி நிற்கும், அதன் மேல் அடம்பங்கொடி படரும், மேடு வளரும். அந்த மேடு ஒன்றுதான் கடலுக்கும் தெருக்களுக்கும் நடுவில் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனபோது படலின் நடுவே யாரோ கழிகளைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள். பின்னால் மேட்டையே காணோம், வெட்டி எடுத்த பள்ளம்தான் இருந்தது. அந்தப் பள்ளத்தின் முன் நின்றபோது அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கரை அவளை வெறித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது.

“மணல் தானா நிக்காது பாப்பா. குறுக்க யாராச்சும் நிக்கணும்” என்று பயத்தை மறைக்கப் பாடம் எடுத்தாள்.

“நான் நின்னா?”

“நீ நின்னாலும் நிக்கும். காத்துக்குக் குறுக்க நேரா நிக்கணும், அவ்ளோதான்.”

இப்போது அவள் கட்டில் காலடி மணலை ஒரு சிட்டிகை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வைத்தாள். ஆற்று மணலுக்கு முனை மழுங்கியிருக்காது. இது உருண்டு உருண்டு மழுங்கிய மணல். காற்று சலித்துப் போட்ட ஒரே அளவுப் பொடி, நடுநடுவே சிவப்புக் கற்துகள், சிப்பித் தூள். மனித முகத்தைப் போல அவளுக்குத் தெரிந்த மணல். அந்தப் பள்ளத்தில் இருந்த மேடு அப்படியே இந்த அறையின் சுவராக நின்றுகொண்டிருந்தது.

ஃபோன் போட்டதும் பெரியப்பா வந்தார். மறைக்கக்கூட இல்லை.

“ஆமா, அங்கேர்ந்து எடுத்ததுதான். இப்ப என்னம்மா? கடல்ல மணலுக்கா பஞ்சம்?”

“கழிய எதுக்கு மாமா பிடுங்குனீங்க?”

“லாரி பறந்தா போகும்?”

“மழைக்காலத்துல தண்ணி அந்த ஓட்டை வழியாத்தான் ஊருக்குள்ள வரும். இந்தச் சுவர இடிச்சு, எடுத்த மணல எடுத்த இடத்துலயே கொட்டுங்க. இன்னைக்கே.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “ஓட்டைதானே? நம்ம வீட்டு ஆளுங்களையே வரிசையா நிறுத்திடு. மொத ஆளா நானே வந்து நிக்கிறேன். இரு, எவ்ளோ பெரிய ஓட்டைன்னு பாத்துட்டு வரேன்.”

அவர் சிரித்துக்கொண்டே தெருமுனை திரும்பியதை அவள் பார்த்தாள். வெயில் தாழ்ந்தது. அவர் திரும்பி வரவில்லை.

கணவன் வேலை முடிந்து வந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே எல்லாவற்றையும் கேட்டான். அவன் முகம் கடுகடுத்தது.

“சுவர்ல கொஞ்சம் மணல் உதிர்ந்ததுக்கு இவ்ளோ கலாட்டாவா? ஊருக்கெல்லாம் மணல் எடுக்காதீங்கன்னு பாடம் எடுக்கிற. உன் வீடே அந்த மணல்னு தெரிஞ்சா என்ன ஆகும்? வேலியே பயிர மேஞ்ச கதைம்பாங்க. வாய மூடிட்டு இரு. நான் போய் அண்ணன கூட்டிட்டு வரேன்.”

வண்டிச் சத்தம் கடல் பக்கமாகப் போய்த் தேய்ந்தது. பிறகு அதுவும் திரும்பவில்லை.

வானம் செம்பழுப்பாகிக்கொண்டிருந்தது. சமையலறையில் நின்றபடி அவள் பெரியப்பாவுக்கு ஃபோன் போட்டாள். எடுத்தார்கள். யாரும் பேசவில்லை. அரிசியை முறத்தில் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும், விடாமல், மெல்லியதாக, எங்கிருந்தோ எங்கேயோ எதுவோ கொட்டிக்கொண்டே இருக்கிற சத்தம் காதுக்குள் விழுந்தது. கணவனுக்குப் போட்டாள். அங்கேயும் அதே சத்தம். பயந்து ஃபோனைக் காதிலிருந்து எடுத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. அது மாடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஓடி ஏறினாள். மகள் கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அறையில் ஈர உப்பு வாடையும், அலை ஒதுக்கிய பாசி வெயிலில் அழுகுகிற வாடையும் மூச்சை முட்டின. சுவர் நெடுக வண்ணப்பூச்சு உரிந்து, உள்ளேயிருந்து மணல் நூல் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் விரலால் தொட்டாள். விரல் உள்ளே போனது. மணிக்கட்டு வரை போனது. உள்ளே சில்லென்று இருந்தது, இருட்டாக இருந்தது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஏதோ அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. சலிக்கிற மாதிரி. அளவு பார்க்கிற மாதிரி.

கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“பாப்பா, எழுந்திரு. செருப்பு போடு. பெரியம்மா வீட்டுக்குப் போறோம்.”

“அப்பா?”

“அப்பா அப்புறம் வருவாரு. கேள்வி கேக்காத. கீழ போய் சாவி எடுத்துட்டு வரேன், அந்தச் சுவரு பக்கம் போகாத. புரிஞ்சுதா?”

“சரிம்மா.”

ஊர் எக்கேடு கெட்டும் போகட்டும், வேலை போகட்டும், இந்தப் பிள்ளை மட்டும் போதும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. சாவியை எடுத்துக்கொண்டு திரும்பி ஏறினாள். படியேறும்போதே மணல் சத்தம் நின்றுவிட்டது தெரிந்தது.

கட்டில் காலி. சின்னச் செருப்புகள் ஜோடியாகக் கிடந்தன. கடல் பக்கச் சுவரில் ஓர் ஓட்டை. விளிம்பெல்லாம் வழவழவென்று, அலை தேய்த்த கல் மாதிரி. மகளின் உயரம். மகளின் தோள் அகலம். அதன் வழியே கடல் தெரிந்தது.

எப்படி இறங்கினாள், எந்தத் தெரு வழியாக ஓடினாள், தெரியவில்லை. தெரு முடிவில் கணவனின் வண்டி நின்றது. சாவி அதிலேயே தொங்கியது. கரையில் ஓர் ஆள் இல்லை. காற்று கடலிலிருந்து வந்தது, தரையோடு தரையாக, மணலைச் சுமந்துகொண்டு, கணுக்காலில் ஊசி ஊசியாகக் குத்தியது.

படல் தெரிந்தது.

இடைவெளி அடைபட்டுக்கொண்டிருந்தது.

முதலில் பெரியப்பா. நெஞ்சு வரை மணல். வாய் சிரிப்பில் திறந்தபடி இருந்தது, உதடு வரை மணல் தளும்பி நின்றது. அடுத்து கணவன். தலைக்கவசக் கண்ணாடிக்குள் மணல் கண் மட்டத்துக்கு ஏறியிருந்தது. கண்கள் அவளைப் பார்த்தன. இமைத்தன. இருவரின் முதுகுக்குப் பின்னாலும் மேடு எழும்பியிருந்தது. அவள் வருஷக்கணக்காகக் காகிதத்தில் வரைந்து காட்டிய அதே சரிவு. ஒரு பழுதில்லை.

கடைசியில் மகள். இடுப்பு வரை.

அவள் விழுந்து இரண்டு கையாலும் தோண்டினாள். தோண்டத் தோண்ட மணல் சரிந்து இறங்கியது. நகம் பிய்ந்தது. அக்குளில் கை கொடுத்து இழுத்தாள்.

“இழுக்காதம்மா. வலிக்குது. உள்ள புடிச்சிருக்கு.”

“யாரு? யாரு புடிச்சிருக்கா?”

மகள் குரலில் அழுகை இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நன்றாகப் படித்துக்கொண்ட பிள்ளை ஒப்பிக்கிற குரலில், பக்கத்தில் கையைக் காட்டினாள். கணவனுக்கும் மகளுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம் மட்டும் காலியாக இருந்தது. அதன் வழியே காற்று தடையில்லாமல் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது.

“நீ வந்தா எனக்குக் கழுத்து வரைக்கும் வராதாம்.”

அவள் எழுந்தாள். மகளின் கையை விடாமல் அந்த இடத்தில் போய் நின்றாள். காலடியில் மணல் நெகிழ்ந்து, பாதங்களை வாங்கிக்கொண்டது. கணுக்கால். முழங்கால். நெருங்கிப் பிடித்தது. மகளின் கையை இன்னும் இறுக்கினாள். பிள்ளையின் இடுப்பில் இருந்த மணல் இறங்குகிறதா என்று பார்த்தாள். இறங்கவில்லை. மகளின் நெஞ்சுப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன.

“நேரா நில்லும்மா” என்றாள் மகள். “காத்துக்குக் குறுக்க.”