நெத்திக்காசு

வேதகிரி, புரோக்கர் புருஷோத்தமனுக்குத் தர வேண்டியது இருபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய். அதற்காகத்தான் ஒரு பொய் சொன்னான்.

உத்திரமேரூர் ஏரிக்கரையோர மேட்டில் கம்பெனி குடோன் வரப்போகிறது. அதனால் தண்ணிக்கும் சனத்துக்கும் என்ன கெடுதல் என்று எழுதிப்போக வந்திருந்தாள் பிரபா மேடம். காலனி சனம் நூறு நாள் வேலைக்குப் போயிருந்த நேரம்.

"இங்க யாரையாவது பொதைச்சிருக்காங்களா?"

"இல்லீங்க மேடம். வெறும் கரம்பு."

சொன்னவன் அதே மேட்டில் காலனிக்குச் சாவுக்குழி வெட்டுகிறவன். சமாதி கட்ட வக்கில்லாத சனம். மண்மேடுகளைப் புரோக்கரின் டிராக்டர் ஏற்கெனவே சமமாக்கியிருந்தது. பெண்டாட்டி மலர்க்கொடியையும் அங்கேதான் இறக்கினான். பிணத்தின் நெற்றியில் வைக்கிற ஒரு ரூபாய் மண்ணுக்கான விலை, வெட்டுகிறவன் பாத்தியம். அவள் நெற்றிக் காசையும் அவன்தான் எடுத்தான்.

"மண்ணு பாக்க ஒரு குழி வெட்டிக் குடுத்துடு, நைனா. உன் கணக்க கிழிச்சிப் போட்டுடறேன்" என்றான் புருஷோத்தமன்.

சதுரமாக வெட்டச் சொல்லிச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு, மேடம் புரோக்கரோடு காரில் சாப்பிடப் போனாள்.

உச்சி வெயில். மம்பட்டி இறங்கும் சத்தமும், ஏரிப்பக்கம் ஒற்றைக் கொக்கு கத்துவதும், தன் மூச்சு தனக்கே திரும்பி வருவதுமாக வெட்டிக்கொண்டே போனவன், இடுப்பாழத்தில் நிமிர்ந்தான். குழி சதுரமாக இல்லை. ஆள் நீளம். வடக்கு தெற்காக.

"கைப்பழக்கம்" என்று சிரிக்கப் பார்த்தான். ஒரு பக்கம் மண்ணைத் தள்ளிச் சதுரமாக்கினான். வேர்வையைத் துடைத்துத் திரும்பினால், மறுபடி நீளம். சுவரெல்லாம் மம்பட்டி முதுகால் வழித்தாற்போல் வழுவழுப்பு. ஈர மண்ணிலிருந்து வாடின சாமந்தி வாசனை.

மேலே பொரி தூவுகிற சத்தம்.

உச்சி வெயிலில் நிழல் காலடியில்தான் விழும். இங்கே குழிக்குள் நீளநீளமாக விழுந்தது. ஒன்று. பத்து. கரை முழுக்க.

ஏறப் பார்த்தான். கால் வரவில்லை. குனிந்தான். பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது.

விழுந்தான். மல்லாக்க.

"எங்கிட்ட காசு வாங்கிக்கினியே." மலர்க்கொடி குரல். தலைமாட்டில். "அப்புறம் இன்னாத்துக்குயா என் எடத்த வித்த?"

சில்லென்று ஒரு விரல் அவன் நெற்றியைத் தொட்டது. ஒரு ரூபாய்.

"இந்தா. உனுக்கும் வெச்சாச்சி."

முதல் பிடி மண். ரெண்டாவது. பிறகு எண்ண முடியவில்லை.

ரொம்ப மேலே கார்க் கதவு சாத்தும் சத்தம்.

"குழியே வெட்டல? ஆள் எங்க?"

"ஓடிட்டான் மேடம், சோம்பேறி. போறான். அவன் கணக்க அப்பவே கிழிச்சிட்டேன், கடன் ஒழிஞ்சிது."

"நிஜமா இங்க யாரும் இல்லல்ல?"

வேதகிரி வாயைத் திறந்தான். மண்.

"யாருமில்ல மேடம். வெறும் கரம்பு."