ஏழாவது கட்டில்

அந்தக் கட்டிலில் யாரும் படுப்பதில்லை. ஆனாலும் அதன் விரிப்பு வெதுவெதுப்பாக இருந்தது.

கம்ஷாத் தற்செயலாகத்தான் கையை வைத்தாள். குழந்தைகள் இல்லத்தின் மூன்றாம் அறையில் அது மதியத் தூக்க நேரம். சன்னல்களை மறைத்துச் சாம்பல் நிறக் கம்பளிகள் தொங்கின. குளோரினும் பொங்கி வழிந்த பாலும் காயாத துணியும் கலந்த வாடை தொண்டையில் வந்து ஒட்டிக்கொண்டது. சுவரோரத்து வெந்நீர்க் குழாய்களுக்குள் யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல் விட்டுவிட்டுச் சத்தம் கேட்டது. பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள், பதினொரு குழந்தைகள். ஒன்றுகூட அழவில்லை. தூக்கம் வராத குழந்தைகள் சுவரைப் பார்த்தபடி தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தன. பதினொரு குழந்தைகள் இருக்கும் அறையில் கட்டில்களின் கிறீச்சொலி மட்டுமே கேட்டது.

எட்டாவது கட்டிலில் இருந்தவள் அய்கனிம். பதினான்கு மாதக் குழந்தை. அவளுடைய கை கம்பிகளுக்கு வெளியே நீண்டு, பக்கத்திலிருந்த காலிக் கட்டிலின் விரிப்பில் கிடந்தது. எதையோ பற்றியிருப்பதுபோல் விரல்கள் மடங்கியிருந்தன.

வாசலில் மடேரென்று சத்தம். கம்ஷாத்தின் கணவன் ரூடி நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னிக்கும் இடிச்சாச்சா?" என்றாள் ஆயா உர்கியா. "ஏன்ப்பா, ஜெர்மனிக்குப் போனா எல்லாரும் இப்படித்தான் ஒட்டகம் மாதிரி வளருவீங்களா?"

"நான் இங்க வளர்ந்த ஒட்டகந்தான் அக்கா. அங்க போய் முடிதான் கொட்டிச்சு."

உர்கியா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

இருவரும் பிறந்தது இந்தப் புல்வெளிச் சமவெளியில்தான். ஜெர்மனியில் குடியேறிப் பதினேழு வருடங்கள் கழித்து, ஒரு குழந்தைக்காகத் திரும்பி வந்திருந்தார்கள். நான்கு முறை கம்ஷாத்தின் வயிற்றில் தங்கிய உயிர் நான்கு முறையும் நிலைக்காமல் போனது. ஊராருடைய குழந்தைகள் அம்மாவைக் கேட்டு அழும்போதெல்லாம் அவளுக்கு மார்பு கனக்கும். தன்னைக் கேட்டு ஒரு குழந்தை அழ வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பதினைந்து நாள், தினமும் இரண்டு மணி நேரம் குழந்தையோடு பழக வேண்டும். அதற்குப் பிறகுதான் நீதிபதி முடிவு சொல்வார். கம்ஷாத் தினமும் அரைமணி முன்பே வந்துவிடுவாள். மஞ்சள் பின்னல் தொப்பி போட்ட அந்தச் சின்னத் தலையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதல் வாரம் அய்கனிம் அவள் மடியிலும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பத்தாம் நாள் ஆட்டம் குறைந்தது. பன்னிரண்டாம் நாள் நின்றே போனது. குழந்தை அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

ஆனால் தினமும் ரவைக் கஞ்சி பன்னிரண்டு கிண்ணங்களில் வந்தது. பன்னிரண்டாவதை உர்கியா ஏழாவது கட்டிலின் தலைமாட்டில் வைப்பாள். சற்றுப் பொறுத்து எடுத்துக்கொண்டு போவாள். கம்ஷாத் அந்தக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

"அக்கா, அந்தக் கட்டில் யாருது?"

"உனக்கு வேண்டியது எட்டாவது கட்டில். ஏழாவதுல உனக்கென்ன?" அப்புறம், கிண்ணத்தைத் துடைத்தபடி, தணிந்த குரலில்: "வர்றவங்க எல்லாரும் அதுல இருந்த புள்ளையைப் பாத்தாங்க. பாத்துட்டு, பக்கத்துல இருந்ததைத் தூக்கிட்டுப் போனாங்க. கடைசிவரைக்கும் அதை யாரும் தூக்கலை."

நீதிபதி சம்மதித்தார். அழைத்துப் போகும் நாளில், தான் கொண்டுவந்த புது உடுப்புகளைக் கம்ஷாத் மேசையில் பரப்பினாள். இல்லத்துத் துணி இல்லத்துக்கே. அங்கே அதுதான் வழக்கம். உர்கியா குழந்தையை உரித்த கோழிபோல் ஆக்கி, கழற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள். சட்டை, கால்சட்டை, இரண்டு காலுறை.

"தொப்பி எங்க?"

"நான் பாக்கலையே அக்கா."

தொப்பி முந்தின நாளே கம்ஷாத்தின் கைப்பைக்குள் போயிருந்தது. அதில் குழந்தையின் வியர்வை மணம் இருந்தது. பதினான்கு மாதங்களின் மணம். அவளுக்குக் கிடைக்காமல் போன மாதங்கள்.

உர்கியா அவளையே பார்த்தாள். "இங்க துணி ஒண்ணுக்கொண்ணு மாறித்தான் கிடக்கும். ஒருத்தர் தொப்பி இன்னொருத்தர் தலையில இருக்கும். அதனாலதான் சொல்றேன், ஒரு நூல்கூட வெளிய போகக் கூடாது. கிடைச்சா இன்னிக்கே கொண்டாந்துடு, தங்கச்சி."

வாடகை வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் தொப்பியைத் திருப்பிப் பார்த்தாள். உள்விளிம்பில் ஊதா மையில் எண் எழுதியிருந்தது.

ஏழு.

மறுநாள் காலை ரூடி குழந்தையின் கடவுச்சீட்டு வாங்கத் தலைநகருக்கு ரயிலேறினான். பத்து மணிக்குப் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. எதிர்க் கட்டடம் மறைந்தது. பிறகு தெருவும் மறைந்தது. வெள்ளையாக, சத்தமில்லாமல், நான்காம் மாடிச் சன்னல்வரை ஏதோ ஏறி வந்து நின்றதுபோல் இருந்தது. கம்ஷாத் தேநீர் போட்டாள், குடிக்கவில்லை. பெட்டியை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். எந்த அறைக்குப் போனாலும் அதற்கு முன்பு இருந்த அறையில் எதையோ விட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது.

அய்கனிம் இரவல் கட்டிலில் படுத்திருந்தாள். கை கம்பிகளுக்கு வெளியே நீண்டிருந்தது. பக்கத்திலிருந்த சோபாவின் மேல்.

விரல்கள் மடங்கியிருந்தன.

கம்ஷாத் சோபாவைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே சமையலறைக்குப் போய், உர்கியாவுக்குத் தொலைபேசினாள்.

"அக்கா... தொப்பி எங்கிட்டதான் இருக்கு."

"தெரியும். எங்க வெச்சிருக்க?"

"கைப்பையில."

"புள்ள கையை நீட்டுதா?"

"ஆமா."

மறுமுனையில் உர்கியா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "பஸ் எதுவும் ஓடலை. காலையில ஓடினதும் கொண்டா. அதுவரைக்கும் ஒண்ணு மட்டும் கேளு. அழுதா தூக்காதே."

"அய்கனிம் அழவே மாட்டாளே அக்கா. உங்களுக்குத் தெரியாதா?"

"நான் அவளைச் சொல்லலை."

தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள், மணி போகவில்லை.

நாலரைக்கே இருட்டிவிட்டது. விளக்குகள் இரண்டு முறை மங்கி, பிறகு ஒரேயடியாக அணைந்தன. சன்னலுக்கு வெளியே பனியின் வெளிறிய ஒளி மட்டும் மிச்சமிருந்தது. அறைக்குள் ஒரு வாடை மெல்லப் பரவியது. குளோரின், பொங்கி வழிந்த பால், காயாத துணி. சுவரோரத்துக் குழாய்க்குள் சுரண்டல் கேட்டது, நின்றது, இன்னும் அருகில் கேட்டது. கைப்பையைச் சாத்திக் கதவில் மாட்டியிருந்ததாக அவளுக்கு நல்ல நினைவு. அது தரையில் கிடந்தது. வாய் திறந்திருந்தது.

தொப்பி சோபாவில் இருந்தது.

துவண்டு கிடக்கவில்லை. உருண்டையாக நின்றது.

கம்ஷாத் நகரவில்லை. அய்கனிமின் மூச்சை எண்ணினாள். ஒன்று. இரண்டு. இடையில் இன்னொரு மூச்சு. அதுவும் சின்னது. ஈரமானது.

அப்போது அழுகை கேட்டது.

முதலில் கம்மியது. அழுது பழக்கமில்லாத தொண்டை. பிறகு வீறிட்டது. சோபாவிலிருந்துதான். அய்கனிமின் வாய் மூடியிருந்தது, கண்கள் திறந்திருந்தன. அவள் கம்ஷாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூக்காதே.

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். அழுகை உள்ளங்கைகளைத் துளைத்துக்கொண்டு வந்தது. அது வெறும் அழுகை இல்லை. கூப்பிட்டது. அவளைத்தான். இத்தனை வருடம் எந்தக் குழந்தையும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

தூக்காதே.

மார்பு கனத்தது. சட்டையின் முன்பக்கம் நனைந்தது. நாற்பத்தொரு வயதில். ஒரு குழந்தையையும் பெறாத உடம்பில்.

ஓரடி வைத்தாள். இன்னும் ஓரடி. கைகள் அவள் அனுமதி கேட்கவில்லை. நீண்டன. குனிந்தன. அள்ளின.

கனமாக இருந்தது. சூடாக இருந்தது. மஞ்சள் தொப்பி அவள் கழுத்துக் குழியில் முகம் புதைத்தது. நெஞ்சில் எதுவோ இறுகப் பற்றியது.

அழுகை நின்றது.

"அம்மாதான்..." என்றாள் கம்ஷாத். அவள் வாயிலிருந்து வந்த சொல்தான். "அம்மாதான், கண்ணு."

கட்டிலில் அய்கனிம் நீட்டியிருந்த கையைக் கம்பிகளுக்குள் இழுத்துக்கொண்டாள். கடைசியாக ஒருமுறை கம்ஷாத்தைப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தலை ஆடத் தொடங்கியது. இடம். வலம். இடம். வலம்.